ஸ்க்ரோல் ரம்பம் பழகுவோரின் கேள்விகளும் பதில்களும்

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, பலகையில் வளைவான சித்திரங்களை வெட்டும் இயந்திரம்தான் ஸ்க்ரோல் ரம்பம். கேள்விகள் பல விதமாக வந்தாலும் பெரும்பாலானவற்றின் வேர் பிளேடில்தான் இருக்கிறது. எந்த பிளேடு, எவ்வளவு இறுக்கம், பலகையை எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறோம்: இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். பதில்களும் அங்கேதான் அதிக நேரம் நிற்கின்றன.

முதல் ஸ்க்ரோல் ரம்பம் வாங்கப்போகிறேன். எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

பின் (pin) இல்லாத பிளேடைப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின் உள்ள பிளேடின் இரு முனைகளிலும் குறுக்காக ஒரு சிறு ஊசி இருக்கும். மாட்டுவது எளிது. ஆனால் சித்திரத்தின் உட்பகுதியை வெட்ட பிளேடைத் துளை வழியாக நுழைக்கும்போது, அந்த ஊசியும் நுழையும் அளவுக்குத் துளை பெரிதாக வேண்டும். நுணுக்கமான வேலை அதோடு முடிந்தது. பின் இல்லாத பிளேடுக்கு 1.5 மி.மீ. துளை போதும்.

அடுத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. நிமிடத்துக்கு 400 முதல் 1600 வெட்டு வரை என்றால் எல்லா வேலைக்கும் வரும். பிளேடுக்கும் பின்பக்கத் தூணுக்கும் நடுவே 16 அங்குலம் இருந்தால் ஆரம்பத்துக்குத் தாராளம். மேல் பிடியைக் கையாலேயே திறந்து மூட முடிகிறதா என்றும் பாருங்கள். உள்வெட்டு நிறைந்த ஒரு சித்திரத்தில் பிளேடை நாற்பது ஐம்பது முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சாவியைத் தேடினால் ஆர்வமே போய்விடும்.

பிளேடு எண்கள் குழப்புகின்றன. எதில் தொடங்குவது?

எண் கூடக் கூட பிளேடு அகலமாகவும் தடிமனாகவும் ஆகும், பற்களும் பெரிதாகும். தொடங்குபவருக்கு 5ஆம் எண். அதன் அகலம் ஏறக்குறைய 1 மி.மீ. 12 முதல் 20 மி.மீ. வரையிலான மென்மரத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 3ஆம் எண், 3 மி.மீ. மரத்தகட்டுக்கு 1ஆம் எண், 25 மி.மீ. தாண்டிய கடினமரத்துக்கு 7 அல்லது 9. எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது மரத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கை நினைவில் வைத்தால் அட்டவணை தேவைப்படாது. மெல்லிய தகட்டில் பெரிய பல் போட்டால், பல் மரத்தை அறுக்காது, கொத்தித் தூக்கும்.

எட்டுத் திசையிலும் வெட்டும் முறுக்கு பிளேடு பலரைக் கவர்கிறது. பலகையைத் திருப்பாமலே வெட்டலாம் என்பது உண்மை. ஆனால் வெட்டுத்தடம் அகலமாகும், ஓரம் சொரசொரப்பாகும், கோட்டில் நிற்பது கடினம். தட்டைப் பிளேடில் கை பழகிய பிறகு அதைத் தொடுங்கள்.

நேர்கோட்டில் வெட்டவே முடியவில்லை. வெட்டு வலப்பக்கமே ஓடுகிறது. இயந்திரம் கோணலா?

இல்லை, பிளேடின் இயல்பே அது. செய்யும்போது பல் வெட்டப்படுகிற பக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று தங்கிவிடுகிறது. பெரும்பாலான பிளேடுகளில் அது வலப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் கூர்மை கூடுதல் என்பதால் வெட்டு அங்கே இழுபடுகிறது. வட்ட ரம்பத்தில் செய்வதுபோல ஒரு தடுப்புக்கட்டையை வைத்து அதை ஒட்டித் தள்ளினால் ஸ்க்ரோல் ரம்பத்தில் வேலைக்கு ஆகாததும் இதனால்தான்.

உபயோகமற்ற பலகையில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். மெதுவாக வெட்டிக்கொண்டே, பிளேடு கோட்டை விட்டு விலகாத நிலை வரும்வரை பலகையைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். அந்த நிலையில் இயந்திரத்தை நிறுத்திப் பாருங்கள்: பலகை உங்களுக்கு நேராக இல்லாமல் சில டிகிரி சாய்ந்திருக்கும். அந்த பிளேடுக்கு அதுதான் நேர். வேறு ரகம் மாட்டினால் கோணம் மாறும், மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணை பிளேடின் மேல் வைக்காமல், கோட்டில் அதற்குச் சற்று முன்னால் வைப்பதும் பெரிதும் உதவும்.

பிளேடுகள் அடிக்கடி உடைகின்றன. என்ன செய்தாலும் நிற்கவில்லை.

எந்த இடத்தில் உடைகிறது என்று முதலில் கவனியுங்கள். பிடிக்கு அருகில் என்றால், பெரும்பாலும் பிடியில் பிளேடு நேராக உட்காராமல் ஒவ்வொரு வெட்டிலும் மடங்கி நிமிர்கிறது, அல்லது திருகை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். நடுவில் என்றால், மழுங்கிய பிளேடை அழுத்தித் தள்ளியிருப்பீர்கள், இல்லையேல் பக்கவாட்டில் நெருக்கியிருப்பீர்கள்.

இறுக்கத்தைச் சோதிக்க, இயந்திரத்தை நிறுத்தி மின்இணைப்பை எடுத்துவிட்டு பிளேடை விரலால் மீட்டிப் பாருங்கள். தெளிவான, உயர்ந்த ஒலி வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் தளர்வு. நடுவில் பக்கவாட்டாக விரலால் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பலர் உடைந்துவிடுமோ என்று தளர்த்தி வைக்கிறார்கள். தளர்ந்த பிளேடு வளையும், வளைந்தது சூடேறும், பிறகு அதுதான் சீக்கிரம் உடையும்.

புதிய பிளேடு பிடியிலிருந்து நழுவினால், அதன் இரு முனைகளிலும் எண்ணெய்ப் பசை இருக்கிறது. உப்புத்தாளால் முனைகளை இரண்டு இழுப்பு தேய்த்து, பிடியின் உட்புறத்தையும் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பிளேடு தேய்ந்து தீர்ந்துபோகும் பொருள். கடினமரத்தில் கால் மணி நேரத்திலேயே மழுங்கலாம். தள்ளும் அழுத்தத்தைக் கூட்டினால்தான் வெட்டுகிறது என்று தோன்றிய அந்தக் கணமே மாற்றிவிடுங்கள். பிளேடு விலை குறைந்தது, கெட்டுப்போகும் சித்திரமோ பல மணி நேர உழைப்பு.

பிளைவுட்டின் அடிப்பக்கம் சிலும்பு சிலும்பாகக் கிளம்புகிறது.

பல் கீழ்நோக்கி வெட்டுவதால் அடிப்பக்கத்து இழைகளுக்குத் தாங்கல் இல்லை, பிய்ந்து வருகின்றன. கீழ்ப்பகுதியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் எதிர்ப்பல் பிளேடு இதற்கென்றே இருக்கிறது. அதை மாட்டுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இயந்திரத்தின் கை மேலே உச்சத்துக்குப் போகும்போது இரண்டு மூன்று எதிர்ப்பற்கள் மேசைக்கு மேலே தெரிய வேண்டும். அதைவிடக் கீழே இருந்தால் அவை மரத்தைத் தொடவே தொடாது. அதிகம் மேலே வந்தால் மெல்லிய பலகையைத் தூக்கியடிக்கும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், விரலை லேசாகக் கீழிருந்து மேலே ஓட்டுங்கள். சரியாக மாட்டிய பிளேடில் அந்தத் திசையில் பல் பிடிக்கும்.

எதிர்ப்பல் கைவசம் இல்லையென்றால், பலகைக்கு அடியில் 3 மி.மீ. வீண்தகடு ஒன்றை டேப்பால் ஒட்டிச் சேர்த்தே வெட்டுங்கள்.

வெட்டிய ஓரம் கருகிப்போகிறது.

அடர்ந்த மரங்களில் இது அதிகம். மழுங்கிய பிளேடு, தடிமனான மரத்தில் மிகச் சிறிய பல், அதிக வேகம், ஒரே இடத்தில் தயங்கி நிற்பது ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும். பல் இடைவிட்டு அமைந்த பிளேடு தூளைச் சீக்கிரம் வெளியேற்றும், அதற்கு மாறுங்கள். வரைபடத்தின் மேல் தெளிவான பேக்கிங் டேப்பை ஒட்டினால் கருகல் கண்கூடாகக் குறையும்.

கூர்மூலைகள் உருண்டுவிடுகின்றன. சட்டென்று எப்படித் திருப்புவது?

உட்புற மூலை என்றால், முனைவரை வெட்டிவிட்டுப் பலகையை பிளேடை நோக்கித் தள்ளும் அழுத்தத்தை நிறுத்துங்கள். பலகையை ஒரு மயிரிழை உங்கள் பக்கம் இழுத்து, பிளேடின் பல்லில்லாத முதுகு மரத்தைத் தொடும்படி வைத்துக்கொண்டே சுழற்றுங்கள். முதுகு வெட்டாது, எனவே மூலை தேயாது. இயந்திரம் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும், நிறுத்திவிட்டுத் திருப்பினால் பிளேடு முறுகும். இது பழகும்வரை இன்னொரு வழி: ஒரு பக்கத்திலிருந்து முனைவரை வெட்டிப் பின்வாங்கி, மறுபக்கத்திலிருந்து வந்து அதே முனையில் சேர்த்துவிடுங்கள்.

வெளிப்புற மூலைக்குத் திருப்பவே தேவையில்லை. கோட்டைத் தாண்டிக் கழிவுப்பகுதிக்குள் போய், சின்ன வளையம் போட்டு, அடுத்த கோட்டில் நேராக நுழையுங்கள்.

மேல்பக்கம் சரியாக இருக்கிறது, அடிப்பக்கம் பெரிதாக வருகிறது.

மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை. மேசைக்கு அடியில் உள்ள டிகிரி அளவுகோலை நம்பாதீர்கள். 40 மி.மீ. உயரமுள்ள கட்டையில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கீறல் வெட்டுங்கள். கட்டையைத் தூக்காமல் அப்படியே சுற்றி பிளேடின் பின்புறம் கொண்டுபோய், அதே கீறலை பிளேடின் முதுகில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் மேசை சரி. நுழையாவிட்டால், தெரிகிற கோணல் உண்மையான பிழையைப் போல் இரு மடங்கு. மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதைவிட இது துல்லியம்.

சோதனையில் தேறியும் ஓரம் நடுவில் புடைத்திருந்தால், காரணம் தளர்ந்த பிளேடும் வளைவுகளில் உங்கள் அவசரமும்.

வரைபடத்தை எப்படி ஒட்டுவது? உரிக்கும்போது மரத்தில் பசை ஒட்டிக்கொள்கிறது.

மரத்தின் மேல் முதலில் மாஸ்கிங் டேப்பை வரிசையாக ஒட்டுங்கள். காகிதத்தின் பின்புறம் பசை ஸ்ப்ரே அடித்து, அரை நிமிடம் காயவிட்டு, டேப்பின் மேல் அழுத்துங்கள். வேலை முடிந்ததும் டேப்போடு உரிந்து வந்துவிடும். உப்புத்தாள் போடும் வேலையை ஒட்டுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். வெட்டி முடிந்த நுணுக்கமான சித்திரத்தைத் தேய்த்தால் மெல்லிய பாலங்கள் முறியும்.

உள்ளே பல ஓட்டைகள் உள்ள சித்திரத்தில் எதை முதலில் வெட்டுவது?

துளைகள் எல்லாவற்றையும் முதலிலேயே போட்டு, அடிப்பக்கப் பிசிறை நீக்குங்கள். அப்போதுதான் பலகை மேசையில் தட்டையாக உட்காரும். பிறகு நடுவிலிருந்து வெளிநோக்கி, சின்ன ஓட்டைகள் முதலில், பெரியவை அடுத்து. பலகை வலுவாக இருக்கும்போதே நொய்ந்த இடங்களை முடித்துவிட வேண்டும். வெளிவிளிம்பு கடைசி. அதுவரை சுற்றியுள்ள கழிவுதான் உங்கள் கைப்பிடி.

ஒரே சித்திரம் பல பிரதி வேண்டுமென்றால் 3 மி.மீ. தகடுகள் நாலைந்தை அடுக்கி, சுற்றிலும் டேப் கட்டி ஒன்றாக வெட்டலாம். மேசை செங்குத்தாக இல்லாவிட்டால் கீழ்த்தகடு வேறு உருவமாகவே வந்துவிடும், ஆகவே மேலே சொன்ன சோதனை கட்டாயம்.

தூளுக்கு இயந்திரத்தில் உள்ள ஊதுகுழாய் போதாதா?

அது கோட்டைத் தெளிவாகக் காட்டத்தான். தூளை உங்கள் முகத்துப் பக்கமே கிளப்பும். மிக மெல்லிய தூள் என்பதால் என்95 தர முகக்கவசமும் கண்ணாடியும் தேவை, எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வெட்டினால் இன்னும் கவனம்.

அக்ரிலிக் வெட்டலாமா? வெட்டிய இடம் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

வெட்டலாம். உராய்வில் பிளாஸ்டிக் உருகி, பிளேடு கடந்ததும் உறைவதால்தான் ஒட்டுகிறது. பாதுகாப்புத் தாளை உரிக்காதீர்கள், அதன் மேல் பேக்கிங் டேப்பும் ஒட்டுங்கள். வேகத்தை நன்றாகக் குறைத்து, 5 அல்லது 7ஆம் எண்ணில் இடைவிட்ட பல் பிளேடு மாட்டுங்கள். தூள் பொடியாக வராமல் சிறு சீவலாக வந்தால் வேகம் சரி.