மாறுகண் இருந்த பையனுக்கு சிமுலேட்டர் வேலை சரிப்படுமா?

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். தம்பிக்கு சின்ன வயசுல மாறுகண் ஆபரேஷன் ஆச்சு, 3டி படம் போட்டா அவனுக்கு வித்தியாசமே தெரியாது, அதனால பைலட் ஆசைய விட்டுட்டு ஃப்ளைட் சிமுலேட்டர் (பைலட்டுங்க தரையிலயே பயிற்சி எடுக்குற போலி விமான மெஷின்) செய்ற வேலைக்கு போறேங்கறான், அங்கயும் கண்ண காட்டி வேணாம்னுடுவாங்களோன்னு கேட்டிருக்கீங்க.

பைலட் ஆகவே முடியாதுன்னு வீட்டுக்குள்ளயே முடிவு பண்ணிடாதீங்க, அத டிஜிசிஏ (விமானத்துறைய கண்காணிக்கிற அரசு அமைப்பு) அங்கீகரிச்ச டாக்டர் சொல்லட்டும், பைலட்டுக்கான கிளாஸ் 2 மெடிக்கல் டெஸ்ட் அப்புறம் கிளாஸ் 1, ரெண்டையும் பைலட் கோர்ஸுக்கு ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. வைலி போஸ்ட்னு ஒரு அமெரிக்க பைலட் ஒரே கண்ணோட 1933ல தனியா உலகத்த சுத்தி பறந்தாரு. இப்ப ரூல்ஸ் வேற, ஆனா தூரம் தெரிய ரெண்டு கண்ணு மட்டும்தான் வழின்னு இல்லன்னு அதுல புரியும்.

நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல 6 சென்டிமீட்டர் சொச்சம்தான், அதனால ரெண்டு கண்ணு பாக்குற படத்துலயும் வர்ற வித்தியாசம் கிட்ட இருக்குற பொருளுக்குதான் நல்லா உதவும். ரன்வே கிலோமீட்டர் கணக்குல தள்ளி இருக்கும்போது அதோட வடிவம், தரை நம்மள நோக்கி ஓடி வர்ற வேகம், இத வெச்சுதான் பைலட் கணிக்கிறாரு.

பெரிய சிமுலேட்டர்ல இதுக்காகவே நேரா ஸ்கிரீன காட்ட மாட்டாங்க. ஸ்கிரீன் 3 மீட்டர்லயும் பைலட்டுங்க ரெண்டு பேரும் 1 மீட்டர் தள்ளியும் இருந்தா, கேப்டனுக்கு நேரா தெரியுற ரன்வே பக்கத்து சீட்டுக்கு கிட்டத்தட்ட 18 டிகிரி கோணலா தெரியும். அதனால மைலார்ங்கற கண்ணாடி மாதிரி பளபளக்குற பிளாஸ்டிக் ஷீட்டுக்கு பின்னாடி காத்த உறிஞ்சி பெரிய குழி ஆடியா நிக்க வெச்சு, படத்த அதுல பாக்க வைப்பாங்க, ரன்வே நெசமாவே ரொம்ப தூரத்துல இருக்குற மாதிரி ரெண்டு பேருக்கும் நேரா தெரியும். எவ்ளோ அழகான வேலை பாருங்க! ரெண்டு கண்ணுக்கும் அங்க ஒரே படம்தான், தம்பிக்கு அதுல குறையே இல்ல. கண்ணுல மாட்டிக்கிற விஆர் ஹெட்செட்ல 3டி சரியா வருதான்னு பாக்குற டெஸ்டிங் மட்டும் ஒத்து வராது, அத இப்பவே தெரிஞ்சுக்கட்டும்.

படிப்புன்னா கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லன்னா ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்), பிசிக்ஸ்ல ஒளிய பத்தின ஆப்டிக்ஸ் பக்கம் போனாலும் நல்லதுதான். பெங்களூர்ல டிஆர்டிஓவோட (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஏடிஈங்கற விமான ஆராய்ச்சி லேப்ல சிமுலேட்டர் வேலை நடக்குது, டிஆர்டிஓ சயின்டிஸ்ட் வேலைக்கு கேட்ங்கற (GATE) இன்ஜினியரிங் தேர்வு ஸ்கோர் பாப்பாங்க, அதனால மேத்ஸ கோட்டை விடக்கூடாது.

இந்த லீவுல ஓபன்ஜிஎல்ல (கம்ப்யூட்டர்ல 3டி படம் வரைய உதவுற புரோகிராமிங் கருவி) ஒரு ரன்வே வரைய சொல்லுங்க, பாக்குற உயரத்த 3 மீட்டர்ல இருந்து 30க்கு மாத்தி அது எப்படி தெரியுதுன்னு ரெண்டு படமும் எனக்கு அனுப்பட்டும்.