வாசகர் கேள்வி: தொழில்நுட்ப வக்கீல் ஆகலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பல, தொழில்நுட்பமும் அறிவுசார் சொத்துரிமையும் சேர்ந்த வக்கீல் வேலையைப் பற்றியே இருந்தன. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வரலாறு படித்துவிட்டு இப்போது சட்டம் படிக்கிறேன். அறிவியலைப் பள்ளியோடு விட்டாயிற்று. இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா?

தாராளமாக உண்டு. பேடன்ட் (கண்டுபிடிப்புக்கு அரசு தரும் தனியுரிமை) விண்ணப்பம் எழுதி, தாக்கல் செய்து, பேடன்ட் அலுவலகத்தோடு வாதாடி வாங்கித் தரும் வேலைக்குத்தான் பொதுவாக அறிவியல் அல்லது பொறியியல் படிப்பு கேட்பார்கள். அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா மூன்றிலும் அந்த வேலைக்கென்று தனித் தேர்வே இருக்கிறது. டிரேட்மார்க், காப்பிரைட், மென்பொருள் உரிமம், தரவுப் பாதுகாப்பு, வணிக ரகசியம் எல்லாவற்றுக்கும் சட்டப் பட்டம் போதும். பேடன்ட் வழக்கை நீதிமன்றத்தில் நடத்துவதற்கும் அதுவே போதும்.

ஆனால் ஒன்று. அறிவியல் பட்டம் இல்லாமல் இருக்கலாம், அறிவியலைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறவராக இருக்கக் கூடாது. பொறியாளர் எதிரே உட்கார்ந்து "புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள், முடிந்தால் படம் போட்டுக் காட்டுங்கள்" என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கத் தெரிய வேண்டும். நீதிபதிக்கும் பெரும்பாலும் அந்தத் தொழில்நுட்பம் புதிதாகத்தான் இருக்கும். தானே முட்டி மோதிப் புரிந்துகொண்டவர்தான் அவருக்கு நன்றாக விளக்குவார். வரலாறு படித்தவருக்கு ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, யார் எப்போது என்ன செய்தார்கள் என்று பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். அது இங்கே தினமும் வேண்டிய பழக்கம்.

கேள்வி: இவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? கோர்ட்டுக்கே போவதில்லை என்கிறார்களே?

போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் துறையில் பெரும்பாலானோருடைய நாள் ஒப்பந்தங்களில்தான் கழிகிறது. "இதை உருவாக்கியது யார், உரிமை யாருடையது, அது எழுத்தில் இருக்கிறதா?" என்பதையே வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது, முதலீடு வரும்போது, வெளியாள் ஒருவர் செயலி எழுதித் தரும்போது, எல்லா இடத்திலும் இதுதான் கேள்வி. ஊழியர் எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன. வெளியாள் எழுதித் தந்த நிரல் அப்படியில்லை. காசு கொடுத்துவிட்டால் சொந்தமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் பல நாடுகளில் எழுத்தில் மாற்றித் தராதவரை காப்பிரைட் எழுதியவரிடமே இருக்கும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் என்ற மருந்து நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு. ஸ்டான்ஃபோர்டின் ஆய்வாளர் ஒருவர், கண்டுபிடிப்புகளின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு "மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அப்புறம் பிசிஆர் என்ற, மரபணுத் துணுக்கைப் பல மடங்கு நகலெடுக்கும் முறையைக் கற்க சீட்டஸ் என்ற நிறுவனத்துக்குப் போனபோது, அங்கே நீட்டிய தாளில் "இதன்மூலம் மாற்றித் தருகிறேன்" என்று இருந்தது. அதிலும் போட்டார். எச்ஐவி அளவை அளக்கும் முறைக்கு ஸ்டான்ஃபோர்டு பேடன்டும் வாங்கிவிட்டது. சீட்டஸின் பிசிஆர் சொத்துகளைப் பின்னால் ரோஷ் வாங்கியிருந்தது, அதனால் அந்த உரிமையில் தனக்கும் பங்கு உண்டு என்றது. முதல் தாள் வெறும் வாக்குறுதி, இரண்டாவது அந்தக் கணமே நடந்த உரிமை மாற்றம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் படித்தது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் ஸ்டான்ஃபோர்டு தோற்றது. பல ஆண்டு ஆராய்ச்சியின் பலன், ஒரு வாக்கியம் எப்படி எழுதப்பட்டது என்பதில் போனது. அந்தத் தாளை எழுதுவதும் கையெழுத்துக்கு முன் படித்துப் பார்ப்பதும்தான் நம் வேலை, இதை யாராவது சலிப்பான வேலை என்று சொன்னால் எனக்குக் கோபமே வரும்.

இன்னொரு பகுதி நாட்காட்டி. பேடன்ட் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் போட்டால் அங்கேயும் அந்த முதல் விண்ணப்பத்தின் தேதியே கணக்கு. பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போட வழிசெய்யும் பேடன்ட் ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாகப் போனால் பெரும்பாலான நாடுகளில் உள்ளே நுழைய அந்த முதல் தேதியிலிருந்து 30 மாதம் அவகாசம். ஒரு நாள் தவறினாலும் அதைச் சரிசெய்ய வழி குறைவு. விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடித்தவர் உற்சாகத்தில் மாநாட்டில் போய்ப் பேசிவிட்டால், பல நாடுகளில் அதோடு புதுமை போயிற்று, பேடன்டும் கிடைக்காது. அமெரிக்காவில் ஓராண்டுச் சலுகை உண்டு, ஐரோப்பாவில் அப்படி எதிர்பார்க்க முடியாது. அதனால் பொறியாளர்கள் எங்கே, எப்போது பேசப் போகிறார்கள் என்பதும் வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். சட்டம் படித்து இந்தப் பக்கம் வரலாமா? என் அனுபவம் வீணாகிவிடுமா?

வீணாகாது. கூகுளுக்கும் ஆரக்கிளுக்கும் 2010இல் தொடங்கிய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரக்கிளின் ஜாவா மொழியிலிருந்து சுமார் 11,500 வரி அறிவிப்பு நிரலை, அதாவது ஒரு வேலையைப் பெயர் சொல்லி அழைக்க உதவும் வரிகளை, கூகுள் ஆண்ட்ராய்டில் எடுத்துப் பயன்படுத்தியது சரியா என்பதுதான் சண்டை. 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில், அது அனுமதி இல்லாமலே செய்யச் சட்டம் இடம்தரும் நியாயமான பயன்பாடுதான் என்றது. அறிவிப்பு வரி வேறு, அதைச் செயல்படுத்தும் நிரல் வேறு என்பது உங்களுக்கு ஒரு நிமிட விஷயம். நீதிமன்றங்களுக்கு அதைப் புரியவைக்க வக்கீல்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள்.

ஆனால் அந்த நிரலுக்குக் காப்பிரைட் உண்டா என்ற அடிப்படைக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதிலே சொல்லவில்லை. உண்டு என்று வைத்துக்கொண்டு மேலே போய்விட்டது. நிரல் ஓடும் அல்லது ஓடாது என்று பழகியவர்களுக்கு இது தாங்காது. என்னோடு வேலை பார்த்த பொறியாளர்கள் சிலர் இந்த இடத்தில்தான் திணறினார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது ஒரு பக்கத்துக்காக நேர்மையாக வாதாட உங்கள் மனசு ஒப்புமா என்று முதலில் பாருங்கள். ஒப்பும் என்றால் தயங்காமல் வாருங்கள்.

கேள்வி: பெரிய சட்ட நிறுவனமா, கம்பெனிக்குள் வேலையா, தனியாகவா?

முதல் சில ஆண்டு, உங்கள் வரைவைச் சிவப்பு மையால் திருத்தித் தரும் மூத்தவர் எங்கே இருக்கிறாரோ அங்கே. மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, என் மகள் படித்து முடிக்கும்போது இந்த வேலை இருக்குமா?

இருக்கும், மாறியிருக்கும். நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களில் ஒரே ஷரத்தைத் தேடுவது, முதல் வரைவு எழுதுவது எல்லாம் இப்போதே இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இளையவர்கள் தொழில் கற்றதே அந்த வேலையில்தான், அதனால் அவர்களை எப்படிப் பயிற்றுவிப்பது என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் பொறுப்பு மனிதரிடம்தான் நிற்கும். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவன வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நிஜம் என்று தாக்கல் செய்த வக்கீல்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது.

அதே இயந்திரம் புது வேலையையும் கொண்டுவருகிறது. டேபஸ் என்ற இயந்திரத்தைக் கண்டுபிடிப்பாளர் என்று போட்டுப் பல நாடுகளில் பேடன்ட் கேட்டார்கள். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இலும், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023இலும் கண்டுபிடிப்பாளர் மனிதராக இருக்க வேண்டும் என்றன. தென்னாப்பிரிக்காவிலோ அந்தப் பேடன்ட் 2021இலேயே கிடைத்துவிட்டது. பாதி மனிதரும் பாதி இயந்திரமும் செய்த வேலை யாருடையது என்று கேட்டு வருகிறவர்களுக்கு, உங்கள் மகள் தலைமுறைதான் பதில் எழுதப் போகிறது.

கேள்வி: கடைசியில் பெரிய நிறுவனங்களுக்குத்தானே இந்த வக்கீல்கள்? சின்னவர்களுக்கு என்ன லாபம்?

பணம் அதிகம் அந்தப் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதையும் பாருங்கள். பொம்மை ரயில்களை ஓட்ட, ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகத் தந்த ஒரு திறந்தமூல மென்பொருளை (நிரலை எல்லோரும் பார்க்க, பயன்படுத்த விட்டு, சில நிபந்தனைகளோடு தருவது), பெயர் குறிப்பிடாமல் ஒரு வணிக மென்பொருளில் எடுத்துப் போட்டார்கள். இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன வழக்கு என்று தள்ளிவிடும் நிலை. மேல்முறையீட்டில், உரிமத்தின் நிபந்தனையை மீறினால் அது காப்பிரைட் மீறலாகலாம் என்று 2008இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. சம்பளம் வாங்காமல் நிரல் எழுதும் எத்தனையோ பேருக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் பிடிமானம். இந்தத் தொழில்மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு இப்படிப்பட்ட வழக்குகளும் காரணம்.

கேள்வி: படிக்கும்போதே என்ன தொடங்கலாம்?

எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமங்களை வரிவரியாகப் படியுங்கள். அப்பாச்சியில் பேடன்ட் பற்றி வெளிப்படையான ஷரத்து இருக்கிறது, எம்ஐடியில் இல்லை. அது ஏன் முக்கியம் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அப்புறம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு பேடன்டை எடுத்து, முதலில் கடைசியில் இருக்கும் கோரிக்கைப் பகுதியைப் படியுங்கள், ஏனென்றால் உரிமை எதுவரை என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எழுதியதை யாராவது பொறியாளரிடம் காட்டித் தப்பு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.