மோட்டார் சுற்றத் தொடங்கியதும் என் ரோபோ நின்றுவிடுகிறது. இரண்டு வினாடி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி துள்ளுகிறது. பொறியியல் படிக்காதவன் இதை விட்டுவிடுவதே நல்லதா?

விடாதீர்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள். கட்டையாக, தலையில் இரண்டு குமிழோடு இருக்கும் 9 வோல்ட் பேட்டரிதானே? நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஆனால் ‘இரண்டு வினாடி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி துள்ளுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துள்ளலை ஏழு வாரம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

எனக்குக் கணக்கெழுதும் வேலை. மின்னணுவியலை எந்த வகுப்பிலும் படித்ததில்லை. கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் சிறிய வண்டி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். வண்டிக்கு மூளையாக அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை, அது சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் விடும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் நிறக் கியர் மோட்டார் இரண்டு, அடிப்பக்கம் அகச்சிவப்பு சென்சார் இரண்டு. கூட வந்த படத்தாளில் 9 வோல்ட் பேட்டரி போட்டிருந்தது, நானும் போட்டேன். கணினியோடு யூஎஸ்பி கம்பியில் கட்டியிருக்கும்வரை வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். கம்பியைக் கழற்றித் தரையில் விட்டால் வலிப்பு வந்ததுபோல் உதறும்.

பழியை நிரல்மீது போட்டேன். பதினோரு முறை திருத்தி எழுதினேன். சென்சார்களை மாற்றினேன். நன்றாக இருந்த சாலிடர் இணைப்புகளை உருக்கி மறுபடி பற்றவைத்து விரலைச் சுட்டுக்கொண்டேன். பேட்டரியைச் சோதிக்காமலும் இல்லை. தனியே எடுத்து, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் பார்த்தேன், 9.2 காட்டியது. நிரபராதி என்று அன்றே விடுதலை செய்துவிட்டேன்.

ஒரு நாள் இரவு மீட்டரின் முனைகளைக் கழற்ற மறந்து வண்டியை முடுக்கினேன். சக்கரம் அசைந்த கணத்தில் 9 என்றிருந்த எண் 5-க்கும் கீழே சரிந்தது. மோட்டார் நின்றதும் ஏறியது. மறுபடி சரிந்தது.

நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் மோட்டார் மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அந்தக் கட்டைப் பேட்டரிக்குள் இருப்பவை ஆறு பொடிக் கலங்கள். உள் மின்தடை அதிகம், அவ்வளவு இழுவைக்கு ஈடுகொடுக்காது. மின்னழுத்தம் விழுகிறது, பலகை மயங்குகிறது, மோட்டார் நிற்கிறது. சுமை நீங்கியதும் மின்னழுத்தம் எழுகிறது. பலகை கண்விழித்து நிரலை முதல் வரியிலிருந்து தொடங்குகிறது. மறுபடி மோட்டாரைக் கிளப்புகிறது. யூஎஸ்பி கம்பி இருந்தபோது பலகை கணினி தரும் 5 வோல்ட்டில் பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான். நிரலில் ஒரு பிழையும் இல்லை. பதினோரு முறை!

மறுநாள் மறுமின்னேற்றம் செய்யக்கூடிய ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலங்கள் ஆறு போட்டேன். ஒன்று 1.2 வோல்ட், ஆக 7.2. எல்298என் ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். மீதி 5, இந்த மோட்டார்களுக்குப் போதும். ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் கெபாசிட்டர் ஒன்று வைத்தால் மின் இரைச்சலும் அடங்கும். பலகைக்குத் தனிப் பேட்டரி வைப்பதானால் இரண்டு பேட்டரிகளின் மைனஸ் முனைகளையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள். பின்னொரு வண்டியில் அதை மறந்து இரண்டு மாலைப்பொழுதுகளை இழந்தேன்.

‘என் ரோபோ 9 வோல்ட்டில்தானே ஓடுகிறது’ என்று ஒருவர் வருவார். ஓடட்டும், ஐயா. புதுப் பேட்டரி, லேசான வண்டி என்றால் கொஞ்ச நேரம் ஓடும். எல்298என் பழைய சரக்கு, இழப்புக் குறைந்த டிரைவர்கள் வந்துவிட்டன என்பதும் தெரியும். லித்தியம் கலத்தை ஏன் சொல்லவில்லை என்றால், அது குறுக்குச்சுற்றானால் தீப்பிடிக்கும்; முதல் வண்டி செய்பவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1948-49இல் ஒளியைத் தேடி ஊர்ந்து போகும் இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்த கிரே வால்டர், மூளை நரம்பியல் ஆய்வாளர். ஆமைக்கு இரண்டே வெற்றிடக் குழாய்கள்தான் மூளை. அவர் விஞ்ஞானி, நான் பேரேடு புரட்டுபவன், ஒப்பிடவில்லை. எங்கள் இருவரிடமும் பொறியாளர் பட்டம் கேட்டு எந்த மோட்டாரும் அடம்பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அடம்பிடிப்பவர்கள் உறவினர்கள். வண்டி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஓடாத கடிகாரமோ பாடாத ரேடியோவோ இருக்கிறது. ‘ரோபோவே செய்கிறாய், இதைப் பார்த்துத் தரமாட்டாயா?’ சித்தப்பா கொண்டுவந்த ரிமோட்டில் பேட்டரியே இல்லை. அதே சித்தப்பாதான் போகிற போக்கில் ‘இந்த வண்டியால் என்ன பயன்?’ என்றும் கேட்டுவிட்டுப் போனார். நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்ப்பவரிடம் நான் ஒருநாளாவது அப்படிக் கேட்டிருப்பேனா?

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தபடியே மோட்டாரை ஓட்டுங்கள். எண் எங்கே போய் விழுகிறது என்று கீழே எழுதுங்கள். விழாமல் அப்படியே நின்றால் என் கணிப்பு தவறு; அப்போது கம்பி இணைப்புகளின் படத்தைப் போடுங்கள், பார்க்கிறேன்.