நகரப் போக்குவரத்துத் திட்டமிடலில் ஆய்வு செய்து பேராசிரியராக என்ன வழி?

சிவில் கடைசி வருடம் படிக்கும் நீங்கள், எங்கே சேரலாம் என்பதோடு எந்த மென்பொருள் கற்றால் பிஎச்டி இடம் கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் ஆய்வுகள் பாதியில் நிற்பது பெரும்பாலும் தரவு கிடைக்காமல்தான். எந்தக் கேள்விக்கு எந்தத் தெருவில், யாரிடம், எப்படித் தரவு எடுப்பது என்று தெரிந்தவருக்கே இங்கே வேலை ஓடும்.

படிப்பு வழி சுருக்கமாக: கேட் தேர்வில் சிவில் தாள் எழுதிப் போக்குவரத்துப் பொறியியல் முதுகலை. ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் மூன்றிலும் உண்டு. கொள்கைப் பக்கம் ஆர்வம் என்றால் டெல்லி எஸ்பிஏ (திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனம்), அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் திட்டமிடல் முதுகலை. பிறகு பிஎச்டி, நான்கிலிருந்து ஆறு வருடம். மத்திய அரசு உதவித்தொகை 2023 முதல் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. ஐஐடியில் முதல் நிலை (கிரேடு I) உதவிப் பேராசிரியர் பதவிக்குப் பிஎச்டிக்குப் பின் மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். அந்த இடைவெளியில் ஒரு வெளிநாட்டுப் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போய்விடுவது நல்லது.

இனி முக்கியமானது. 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் பார்ட் ரயில் வருவதற்கு முன், பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபேடன் குழு தனித்தனி ஆட்களின் பயணத் தேர்வுகளைக் கேட்டுக் கணித மாதிரி கட்டியது. வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் பார்ட்டில் ஏறுவார்கள்? அதிகாரப்பூர்வக் கணிப்பு 15 சதவீதம், மெக்ஃபேடனுடையது 6.3, நடந்தது 6.2. 2000இல் நோபல் கிடைத்த வேலையின் ஒரு பகுதி இது. மனிதர்கள் எதை எதற்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை அளப்பதே நம் தொழிலின் உயிர்நாடி.

நம் ஊரிலேயே அருமையான ஆய்வுக் கேள்வி ஒன்று கிடக்கிறது. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் வொயிட் போர்டு வண்டி இலவசம், டீலக்ஸுக்குக் காசு. நிறுத்தத்தில் நிற்கும் பெண் எதிரே டீலக்ஸ் வந்து நிற்கிறது. ஏறிவிடுவதா, இலவச வண்டிக்குக் காத்திருப்பதா? அந்த ஒரு நொடி முடிவில் அவருடைய நேரத்தின் மதிப்பு இருக்கிறது.

இதை ஆய்வாக்கும் முறை: கட்டணத்துக்கு நான்கு நிலைகள் (10, 15, 20, 25 ரூபாய்), காத்திருப்புக்கு நான்கு (5, 10, 15, 20 நிமிடம்), ஆளுக்கு எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றிலும் இரண்டு தேர்வுகள் (டீலக்ஸ், இலவச வண்டி). குறைந்தது எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 500ஐ நிலைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, கேள்விகளையும் தேர்வுகளையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். 500 × 4 ÷ (8 × 2) = 125 பேர். வேலைக்குப் போகிறவர், படிக்கிறவர், மற்றவர் என்று தனித்தனியே பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் 125, ஆக 375. பாதியில் எழுந்து போகிறவர்களையும் சேர்த்து 450க்குத் திட்டமிடுங்கள். முதலில் 30 பேரிடம் முன்னோட்டம் பாருங்கள். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் நிலைகளின் இடைவெளி தவறு.

கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் இவைதான். நிறுத்தத்தில் மட்டும் கேட்டால், ஸ்கூட்டிக்கு மாறிவிட்டவர் நம் கணக்கில் வரமாட்டார். வருமானத்தை முதலில் கேட்டால் பேட்டி அங்கேயே முடியும், கடைசியில் வரம்புகளாகக் கேளுங்கள். கணக்கெடுப்பாளர் நிழலில் உட்கார்ந்து தானே நிரப்புவதும் நடக்கும், டேப்லெட்டில் தொடங்கிய, முடித்த நேரம் பதிவாகட்டும். வீட்டுக் கணக்கெடுப்பில் நடந்துபோன பயணம் மறந்துபோகும். “நேற்று வீட்டை விட்டு வெளியே வந்ததும் முதலில் எங்கே போனீர்கள், அடுத்து எங்கே” என்று கேட்டால்தான் ரேஷன் கடையும் பள்ளி வாசலும் வரும். போக்குவரத்துக் கழகத்திடமிருந்து அனுமதி வர மாதங்கள் ஆகும், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள்.

பகுப்பாய்வுக்குப் பைத்தானில் பயோஜீம் இலவசம்; இப்படிப்பட்ட தேர்வுகளுக்குக் கணித மாதிரி கட்டும் மென்பொருள் அது. நேரமும் செலவும் முடிவை எவ்வளவு அசைக்கின்றன என்பதை மாதிரி தரும் எண்தான் குணகம். நேரத்தின் குணகத்தைச் செலவின் குணகத்தால் வகுத்தால் நேர மதிப்பு. செலவின் குணகம் கூட்டல் குறியோடு வந்தால் மாதிரியைக் குறை சொல்வதற்கு முன் தரவைப் பாருங்கள். நேரம், செலவு இரண்டையும் நீங்களே தூரத்தை வைத்து நிரப்பியிருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குறி புரளும்.

கொள்கைக்கு வரும்போது எதை எண்ணுகிறோம் என்பதே எல்லாம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 106 வழிகாட்டியில், போக்குவரத்தில் பேருந்தும் லாரியும் பத்து சதவீதத்துக்கு மேல் போனால், ஒரு பேருந்து 3.7 காருக்குச் சமம். வண்டிகளை எண்ணினால் பேருந்து இடைஞ்சல், ஆட்களை எண்ணினால் அறுபது பேரைச் சுமக்கும் அதுவே சாலையின் நாயகன். டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே சுமார் 5.8 கிலோமீட்டருக்குத் தனிப் பேருந்துத் தடம் வந்தது. ஐஐடி டெல்லி ஆய்வாளர்கள் வடிவமைப்பில் பங்கெடுத்தார்கள். கார்காரர்களின் எதிர்ப்பு உயர் நீதிமன்றம் வரை போனது, 2012இல் மனு தள்ளுபடியானது. ஆனாலும் 2016இல் தடத்தை இடித்தார்கள். ஆய்வு மட்டும் சாலையைக் காப்பாற்றாது என்று இதைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பேருந்தில் போகும் கூட்டம் பேசாமல் இருந்தால், அவர்களுடைய நிமிடங்களை எண்ணிச் சொல்ல வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது. அந்த எண்ணை மாநகராட்சிக் கூட்டத்தில் புரியும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதத் தெரிய வேண்டும்.

வேலை கிடைத்த பிறகு அரசுத் துறைகளின் ஆலோசனைப் பணி தேடி வரும், அதில் தரவும் கிடைக்கும். கையெழுத்துப் போடும் முன் ஒரு விதியைப் படியுங்கள்: திரட்டிய தரவை, பெயர் விவரங்களை நீக்கி, ஆய்வுக் கட்டுரையாக வெளியிட உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று. எழுத்தில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அறிக்கை ஒப்படைத்த பிறகு கேட்டால் கிடைக்காது.