கேளுங்க, சொல்றம்: வாகனம் இல்லாத மலை ரோட்டு

போன இதழில சைக்கிள்ல மலைநாட்டுக்குப் போறதப் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினதுதான், அதுக்கு இவ்வளவு கேள்வி வந்து கிடக்கு. ஒரே மாதிரியானதுகளச் சேர்த்துட்டன்.

கல்லடி வாசகர்: நாங்க மூணு கூட்டாளிமார், மூணு பேர்கிட்டயும் கியர் சைக்கிள் இருக்கு. வாகன இரைச்சல் இல்லாம காடும் மலையுமா நாலு நாள் ஓடணும். செங்கலடியால திரும்பி மகா ஓயா, பிபிலை எண்டு நேரா பதுளைக்கு மிதிச்சா என்ன? ரோட்டில பெருசா வாகனமும் இல்ல தானே?

வாகனம் இல்லாததுக்கு ஒரு காரணம் இருக்கு தம்பி, அது நாலு காலில நிக்கும். ஆனை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே எண்டு பழமொழி சொன்னாலும் கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயாப் பக்கத்து ஆனைக்கு ஆரும் மணி கட்டல்ல. மோட்டார் சைக்கிள் எண்டா சத்தம் கேட்டு அது முதலே உஷாராகிரும், சைக்கிள் சத்தமே இல்லாம வளைவில திரும்பி மூக்குக்கு முன்னால போய் நிக்கும், ஆனையும் திடுக்கிடும் நீங்களும் திடுக்கிடுவீங்க, மறுகா அது கிட்ட தூரத்துக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில வரும், ஏத்தத்தில நீங்க 8ல போய்க்கொண்டு இருப்பீங்க.

அந்த ரோட்டில ஓடவே வேணாம் எண்டு சொல்ல வரல்ல. காலம எட்டு மணிக்குப் பிறகு வெளிக்கிட்டு பின்னேரம் நாலு மணிக்குள்ள ஊருக்குள்ள வந்து நிண்டா ஓடலாம். ஆனா அந்த நேரம் முழுக்க வெயில், அதோட வருசத்தில பாதிக்கு மேற்கால இருந்து வாற கச்சான் காத்து நேர மூஞ்சியில அடிக்கும். ஆனைக்குப் பயந்தா வெயில், வெயிலுக்குப் பயந்தா ஆனை, இதுக்குள்ள எங்க அமைதியைத் தேடுறது? நான் எண்டா அந்தத் துண்டை மிதிக்க மாட்டன். மூணு பேரும் சேர்ந்து ஒரு பட்டா லொறி புடிங்க, சைக்கிள மூணையும் அதில ஏத்தி மலை அடிவாரத்தத் தாண்டி இறக்குங்க, மிதிக்கிற சக்திய மிதிக்க வேண்டிய இடத்துக்கு மிச்சம் வைங்க.

காடுதான் வேணும் எண்டா நக்கிள்ஸ் மலைக்குள்ள இருக்கிற மீமுரே கிராமம். பதியத்தலாவை, மகியங்கனை, ஹசலக்க தாண்டி பதினெட்டு வளைவு ஏறணும், அது கண்டி மெயின் ரோட்டு, பஸ்ஸும் லொறியும் வளைவில முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், அதால பட்டாவ ஹுன்னஸ்கிரிய வரைக்கும் விடுங்க. அங்க இருந்து லூல்வத்த, கோபெட்ஸ் கெப் எண்ட கணவாய் வழியா ஒடுக்கமான மலை ரோட்டு, நக்கிள்ஸ் காடு ரெண்டு பக்கமும், இடைக்கிட ஒரு ஜீப்போ ஓட்டோவோ வரும் அவ்வளவுதான். 2010இல யுனெஸ்கோ உலக மரபுரிமை எண்டு எடுத்த மத்திய மலைநாட்டில இதுவும் ஒரு பங்கு. கோபெட்ஸ் கெப்பில காத்து சைக்கிளோட சேர்த்துத் தள்ளும், அதில இறங்கி உருட்டிக்கொண்டு போறது ஒரு வெக்கமும் இல்ல. மீமுரேயில வீட்டோட சாப்பாடு தந்து தங்க விடுவாங்க, முதலே போன் பண்ணிச் சொல்லுங்க, கிட்டப் போய் எடுப்பம் எண்டு இருந்தா சிக்னல் கிடைக்காது. மழை ஈரம் இருந்தா அட்டை ஏறும், உப்பும் சவுக்காரமும் கொண்டு போங்க. கெப்பில இருந்து மீமுரேக்கு இறங்கின அவ்வளவையும் திரும்பி வரக்குள்ள ஏறணும், அதயும் யோசிச்சுக்கொள்ளுங்க.

தேயிலை எண்டா ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம். மெயின் ரோட்ட விட்டுத் தோட்டத்து ரோட்டுக்குள்ள இறங்கிட்டா கொழுந்து லொறி, ஓட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேற ஒண்டும் இல்ல. ஹப்புத்தளையில இருந்து தம்பேதன்ன தொழிற்சாலை, அது லிப்டன் 1890இல கட்டினது, அங்கால ஏழு கிலோமீட்டர் போல வளைஞ்சு வளைஞ்சு ஏறினா லிப்டன் சீட் எண்ட மலை உச்சிப் பார்வை இடம், கிட்டத்தட்ட 1,970 மீட்டர் உயரம். விடியக்காலம போங்க, ஒம்பது பத்து மணிக்கு மேகம் வந்து மூடிரும், பிறகு முன்னுக்குப் போற கூட்டாளியின்ட முதுகு மட்டும்தான் தெரியும். பண்டாரவளை பூனாகலை ரோட்டும் நல்லம், அங்க இருந்து கொஸ்லந்தைக்கு இறங்கலாம். என்ட விருப்பம் கேட்டா முதல் தடவைக்கு இந்தப் பக்கம்தான், ஏனெண்டா சைக்கிள் உடைஞ்சாலும் பசிச்சாலும் லயத்து ஆக்களோட தமிழில கதைச்சு ஒரு பிளேன்டீயாச்சும் குடிக்கலாம். ரோட்டு தோட்டத்துக்குச் சொந்தம் எண்டத மறக்க வேணாம், வாட்சரக் கண்டா நிண்டு கேட்டுட்டுப் போங்க.

கோச்சியில, அதான் ரயிலில, சைக்கிளப் போடலாமா எண்டும் சிலர் கேட்டிருக்கீங்க. மட்டக்களப்புக் கோச்சி மலைக்கு ஏறாது, மாகோ சுத்திப் பொல்காவலையில மாறணும். சைக்கிளப் பார்சலில போட்டு அது வந்து சேரும் வரைக்கும் காத்து நிக்கிறதுக்கு பட்டா லாபம்.

களுவாஞ்சிகுடி வாசகர்: கியர் இல்லாத லுமாலா சைக்கிள்ல மலை ஏறலாமா? எங்கட அப்பா கூப்பன் அரிசி மூட்டையோட அதில ஊரெல்லாம் ஓடினவர்.

அப்பா ஓடினது மட்டமான ஊர் தம்பி. இந்தச் சைக்கிள்ல முன்னுக்கு 44 பல்லு, பின்னுக்கு 18 பல்லு எண்டு வைச்சுக்கொள்ளுங்க, பெடல ஒரு சுத்து சுத்தினா சில்லு கிட்டத்தட்ட ரெண்டரைச் சுத்து சுத்தும், நிமிசத்துக்கு 60 தரம் மிதிச்சா மணிக்கு 18, 19 கிலோமீட்டர். அந்த வேகத்தில ஹப்புத்தளை ஏத்தம் ஏற பந்தயக்காரனாலதான் ஏலும். முன்னுக்கும் பின்னுக்கும் 28, 28 பல்லு எண்டு இருந்தா அதே மிதிக்கு 8 கிலோமீட்டர், அதுதான் நமக்கு. பழைய மௌன்டன் பைக், முன்னுக்கு மூணு பல்சக்கரம் இருக்கிறது, ஜப்பானில இருந்து வாற பாவிச்ச சைக்கிள் விக்கிற கடையில பாருங்க, மின்னுற புதுசு தேவையில்ல. டயர் அகலமா இருக்கட்டும், காத்தக் கொஞ்சம் குறைச்சு அடிங்க, தோட்டத்து ரோட்டுக் கல்லுக்கு அதுதான் சரி.

ஏத்தத்த விட எனக்கு இறக்கத்துக்குத்தான் பயம். கம்பி பிரேக் சைக்கிள்ல இரும்பு ரிம் மழையில நனைஞ்சா கட்டை வழுக்கும், புடிச்சாலும் நிக்காது. நல்ல பிரேக் இருந்தாலும் அமத்திப் புடிச்சபடியே இறங்க வேணாம், ரிம் சூடாகி ரியூப் வெடிக்கிறதும் நடக்கும். விட்டு விட்டு, முன்னையும் பின்னையும் மாத்தி மாத்திப் புடிங்க, இடையில நிண்டு ஆற விடுங்க, அதுக்குத்தானே போட்டோ எடுக்கிறது எண்டு ஒண்டு இருக்கு.

அம்பாறை வாசகர்: கல்லோயா தேசிய பூங்காவுக்குள்ள சைக்கிள் ஓட விடுவாங்களா?

விடமாட்டாங்க. ஆனையும் கரடியும் இருக்கிற காடு அது. அங்க சேனாநாயக்க சமுத்திரத்தில போட்டில போய் ஆனை நீந்துறதப் பாக்கிறதுதான் விசேசம். இங்கினியாகலை அணைக்கட்டு வரைக்கும் பகலில சைக்கிள்ல போய், மிச்சத்தப் போட்டில பாருங்க.

அக்கரைப்பற்று வாசகி: நானும் ரெண்டு மதினிமாரும் பண்டாரவளைப் பக்கம் சைக்கிள்ல சுத்த ஆசை. தங்கிறது, சாப்பாடு, உடுப்பு எப்படி? வீட்டில சிரிக்கிறாங்க.

சிரிக்கட்டும் தங்கச்சி. ஒவ்வொரு நாளும் இடம் மாறாம பண்டாரவளையிலயோ ஹப்புத்தளையிலயோ ஒரே வீட்டில ரூம் எடுத்து, பேக்க அங்க வைச்சுட்டு காலம போய் பின்னேரம் வாற மாதிரி ஓடுங்க, பாரம் இல்லாட்டி ஏத்தம் பாதி குறைஞ்ச மாதிரி. டவுனில முஸ்லிம் கடைகள் இருக்கு, தோட்டத்துக்குள்ள கடை குறைவு, அதால ரொட்டியும் தண்ணியும் கட்டிக்கொண்டு போங்க, தண்ணியில கரைச்சுக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கெட் ரெண்டும். அபாயாவோ ஷாலோ போட்டா சங்கிலி மூடியும் பின் சில்லுக்கு வலை மறைப்பும் உள்ள சைக்கிளா எடுங்க, சங்கிலியில துணி சிக்கினா இறக்கத்தில விழுத்திரும்.

வாழைச்சேனை வாசகர்: எந்த மாசம் நல்லம்?

மாசி, பங்குனி. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் மாரி மழை நமக்கு மட்டுமில்ல, ஊவா மலைக்கும்தான், மண்சரிவும் அப்பதான். கொஸ்லந்தைப் பக்கத்து மீரியாபெத்த தோட்டம் புதைஞ்சது 2014 ஒக்டோபர் 29. மழைக் காலத்தில தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின்ட எச்சரிக்கையப் பாத்துட்டுத்தான் வெளிக்கிடணும், சிவப்பு போட்டிருந்தா பேசாம வீட்டில இருங்க. ஆனி ஆடியில மழை குறைவுதான், ஆனா மேற்கால வாற காத்து மலையில அங்கால பக்கம் மழையக் கொட்டிட்டு காஞ்சு போய் இங்கால இறங்கும், அதுதான் நம்ம கச்சான். மலை உச்சியிலயும் அந்தக் காலம் காத்து லேசில்ல.

ஆரையம்பதி வாசகர்: ஜேர்மனியில இருக்கிற மச்சான் வாகனமே வராத சைக்கிள் பாதையில காட்டுக்குள்ள ஓடுற படம் அனுப்புறார். நம்ம நாட்டில ஏன் அப்படி இல்ல?

அங்க ஓடாமப் போன கோச்சிப் பாதைகள எடுத்து சைக்கிளுக்கு விட்டிருக்காங்க. வென்பான் எண்டு ஒண்டு, ஜேர்மனி ஆகனில தொடங்கி பெல்ஜியம் தாண்டி லக்சம்பேர்க் வரைக்கும் 125 கிலோமீட்டர் போல. கோச்சிக்கு வெட்டின பாதை எண்டதால ஏத்தம் மெல்ல மெல்லத்தான் இருக்கும், வயசான ஆக்களும் ஓடலாம். நம்ம நாட்டிலயும் நானுஓயாவில இருந்து ராகலைக்கு ஒரு சின்னக் கோச்சிப் பாதை இருந்தது, 1940களில மூடிட்டாங்க. அத அப்படிச் செய்திருக்கலாம் எண்டு எனக்கு ஆசைதான், ஆனா மச்சானப் பாத்துப் பெருமூச்சு விடுறதுக்கு முதல் பூனாகலை ரோட்டப் போய் ஓடிட்டு வாங்க.

ஏறாவூர் வாசகர்: தோட்டத்து நாய் விரட்டினா என்ன செய்யிற?

வேகமா ஓடாதீங்க, இன்னும் விரட்டும். இறங்கி சைக்கிள நடுவில வைச்சு மெல்ல நடங்க, ஆரும் நிண்டா சத்தம் போட்டுக் கூப்பிடுங்க. கடிச்சிட்டா சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு அண்டைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, காசு எடுக்காம ஊசி போடுவாங்க.