விண்டோஸ் 11-க்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். டாலி, எக்செல், பிரௌசர், மாலையில் யூடியூப். அவ்வளவுதான் என் தேவை. இரண்டு மானிட்டர் வைத்துக்கொள்ள ஆசை. கடையில் ஐ3 12100எஃப் பிராசசர், 8 ஜிபி ரேம் ஒன்று, ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். "கார்டு இல்லாமல் விண்டோஸ் 11 ஓடாது" என்கிறார்கள். நிஜமா?

பதில்: விண்டோஸ் 11-க்குத் தனி கார்டு தேவையில்லை. ஆனால் கடைக்காரர் எழுதிக்கொடுத்த பட்டியலுக்கு மட்டும் அவர் சொல்வது சரி! காரணம், 12100-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'எஃப்'.

இன்டெல் பிராசசர்களில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் (திரையில் படத்தைக் காட்டும் பகுதி) வேலை செய்யாது என்று அர்த்தம். அதில் கார்டு போடாவிட்டால் மானிட்டரில் எதுவும் தெரியாது. விண்டோஸ் இருக்கட்டும், கணினியை ஆன் செய்ததும் முதலில் வரும் பயாஸ் திரைகூட வராது. எஃப் இல்லாத வெறும் 12100 வாங்கினால் யுஎச்டி 730 என்ற கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும். விலை கொஞ்சம் கூடும், ஆனால் கார்டுக்கான பணம் மிச்சம். இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி பிராசசர் பக்கம் போனால் எழுத்துக் கணக்கு வேறு: ரைசன் 5 5600-ல் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி-யில் உண்டு.

விண்டோஸ் 11 கிராபிக்ஸிடம் கேட்பது இரண்டுதான்: டைரக்ட்எக்ஸ் 12 (விண்டோஸ் திரையில் படம் வரையப் பயன்படுத்தும் முறை) தெரிந்திருக்க வேண்டும், டபிள்யூடிடிஎம் 2.0 என்ற விண்டோஸ் வரையறைப்படியான டிரைவர் (கிராபிக்ஸை இயக்கும் மென்பொருள்) இருக்க வேண்டும். யுஎச்டி 730-க்கு இரண்டும் உண்டு. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாதான் ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது இன்டெல் 915 சிப்செட் கணினிகளிலும் 'விஸ்டாவுக்குத் தயார்' என்ற பொருளில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அதன் கிராபிக்ஸில் ஏரோ என்ற கண்ணாடித் தோற்றம் வரவே இல்லை. அமெரிக்காவில் வழக்கு வரை போனது. அந்தக் காலம் மலையேறிவிட்டது.

சரி, ஜிடி 730-ஐ சும்மா கொடுத்தாலும் வாங்கலாமா? என் கருத்தில் வேண்டாம். 730 என்ற எண் இரண்டிலும் இருப்பது தற்செயல்தான். கார்டு 2014-ல் வந்தது. அதில் வரும் கெப்ளர் வகைச் சிப்புக்கு பாதுகாப்பு அப்டேட்டுகூட 2024-ல் நின்றுவிட்டது. யூடியூப் வீடியோக்களில் பெரும்பாலும் வருகிற விபி9, ஏவி1 என்ற வீடியோ சுருக்க வடிவங்கள் இரண்டையும் பிரித்துக் காட்டும் வசதி அதில் இல்லை. வேலை முழுக்கப் பிராசசர் தலையில் விழும். யுஎச்டி 730 இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும்.

மிச்சமாகும் பணத்தை ரேமில் போடுங்கள். உள் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, உங்கள் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் பாதி ரேம் 'ஷேர்டு' என்று காட்டினால் பதறாதீர்கள். அது உச்சவரம்பு, தேவைப்பட்டால் மட்டுமே எடுக்கும். ஆனாலும் 8 ஜிபியில் எக்செல், பிரௌசர், கிராபிக்ஸ் மூன்றும் முட்டிக்கொள்ளும். 16 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள், அதையும் 8 ஜிபி குச்சி இரண்டாக. டிடிஆர்4 3200 ஒற்றைக் குச்சி நொடிக்கு 25.6 ஜிபி வேகம் தரும். ஜோடியாகப் போட்டால் 51.2. உள் கிராபிக்ஸுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 'அப்புறம் இன்னொன்று போட்டுக்கலாம்' என்று விட்டவர்களில் பாதிப் பேர் போடுவதே இல்லை.

இரண்டு மானிட்டர் என்றால் மதர்போர்டின் பின்பக்கம் மானிட்டர் கேபிள் செருகும் இடங்களைப் பார்த்து வாங்குங்கள். எச்டிஎம்ஐ ஒன்றும், டிஸ்ப்ளே போர்ட்டோ விஜிஏவோ ஒன்றும் இருந்தால் போதும். 4கே மானிட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 1.4 என்றால் 4கே-யில் நொடிக்கு 30 முறைதான் திரை புதுப்பிக்கும், மவுஸ் அம்புக்குறியே இழுத்துக்கொண்டு போகும்.

கேம், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், கனமான வீடியோ எடிட்டிங் என்று ஆரம்பித்தால் கார்டு தேவைப்படும். போர்டில் அதற்கான ஸ்லாட் காலியாகத்தான் இருக்கும், அன்றைக்கு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். போட்டபின் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள்; பழக்க தோஷத்தில் போர்டிலேயே விட்டுவிடுபவர்கள் நிறைய.

விண்டோஸ் போட்டதும் எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாக, இரண்டாவது மானிட்டர் இருட்டாக இருந்தால், 'கார்டு வாங்கியிருக்கணுமோ' என்று கடைக்கு ஓட வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டரைப் பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை, அவ்வளவுதான். இன்டெல் தளத்திலிருந்து இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் அந்த இடத்தில் யுஎச்டி 730 என்ற பெயர் வந்துவிடும்.