'எஸ்டர்டே' வந்தால் 'ஹேவ்' ஏன் வரக்கூடாது?

"நேத்து மஞ்சளை வித்துட்டோம்" என்பதை 'வீ ஹேவ் சோல்ட் த டர்மரிக் எஸ்டர்டே' என்று எழுதியது ஏன் தவறு என்று கேட்டிருக்கீங்க, தம்பி.

'எஸ்டர்டே' என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னதும் அங்கே 'ஹேவ்' நிற்காதுங்க. 'வீ சோல்ட்' போதும். 'இன் 2019' என்றாலும் அப்படித்தான். ஈரோட்டு மண்டியில் ஒருவர் வந்து "மஞ்சள் இருக்குதுங்களா?" என்கிறார். எப்போது விற்றோம் என்பது அவருக்கு வேண்டாம், இப்போது சரக்கு இல்லை என்பதுதான் செய்தி. அங்கே 'வீ ஹேவ் சோல்ட் இட்' அழகாகப் பொருந்தும்.

நம் 'வித்துட்டோம்' இரண்டு இடத்துக்கும் சரியாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். தமிழ் வினையை வைத்து முடிவு செய்யாதீங்க; வாக்கியத்தில் முடிந்துபோன நேரத்தைக் காட்டும் காலச்சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்க. 'டுடே' என்றால் 'வீ சோல்ட்', 'வீ ஹேவ் சோல்ட்' இரண்டோடும் வரும், நாள் இன்னும் முடியவில்லையே.